ஆட்சேபணைக்கு அஞ்சு நாள்

திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அஞ்சுநாளார் முடிவு செய்துவிட்டார். இந்தத் தடவை லேசில் விடுவதில்லை. அவளாக வந்து, எதிரில் நின்று, "தப்பு என்னுதுதாங்க" என்று சொல்லும் வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. நுரையைத் துப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண்ணாடியும் ஆட்டியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பேசாமல் இருப்பதில் அவருக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். மற்ற புருஷன்மார்களுக்குக் கோபம் வந்தால் தட்டு பறக்கும், கதவு அடிபடும், மாமனார் வம்சமே சந்திக்கு வரும். இவருக்கு அந்த வேலையெல்லாம் கிடையாது. வாயை மூடிக்கொள்வார். சாப்பிடவும் கொட்டாவி விடவும் திறப்பார், மறுபடி மூடிக்கொள்வார். மூன்றாம் நாள் வீடு புழுங்க ஆரம்பிக்கும். ஐந்தாம் நாள் மனைவிக்குச் சாப்பாடு இறங்காது. ஏழாம் நாளுக்குள் அவள் வந்து தப்பைத் தலையில் போட்டுக்கொள்வாள்.

அதிகபட்ச சாதனை பத்தொன்பது நாள். அது எப்போது என்றால், அவர் அம்மா உள் அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது. பேச்சு போன மாமியார் ஒரு பக்கம், பேச்சு இருந்தும் பேசாத புருஷன் ஒரு பக்கம். நடுவில் அந்தப் பொம்பளை பத்தொன்பது நாள் காலம் தள்ளினாள். கடைசியில் அவள்தான் வந்து தப்பு என்னுது என்றாள். என்ன தப்பு என்பது அதற்குள் இருவருக்குமே மறந்து போயிருந்தது.

அஞ்சுநாளார் என்பது ஆபீஸில் வைத்த பெயர். அவர் பார்க்கும் வேலை அப்படி. இணையத்தில் கடை போடுகிறவர்களுக்கு ஒரு முகவரிப் பெயர் வேண்டும். அந்தப் பெயரைப் பதிந்து வைத்துக் காப்பாற்றவே கம்பெனிகள் இருக்கின்றன. அப்படி ஒரு கம்பெனியில் இவர் மாற்றல் பிரிவு அதிகாரி. ஒரு பெயரை இங்கிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கொண்டுபோக விண்ணப்பம் வந்தால், இவர் பிரிவு பெயரின் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் அனுப்பும். உங்கள் பெயர் வேறிடம் போகிறது, ஆட்சேபணை இருந்தால் ஐந்து நாட்களுக்குள் சொல்லவும், பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். சரி என்றாலும் போகும். ஒன்றும் சொல்லாவிட்டாலும் போகும். வேண்டாம் என்று சொன்னால் மட்டும் நிற்கும். ஆறாம் நாள் யார் வந்து எதிரில் நின்றாலும் இவரிடம் ஒரே பதில்தான். "அஞ்சு நாள் முடிஞ்சிடுச்சே."

இப்படி ஊர்ப்பட்ட பேருக்குச் சொன்னவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவருக்காகப் பரிதாபப்படும்போது கொஞ்சம் அளவோடு நிறுத்திக்கொள்ள உதவும்.

மனைவி தையல்காரி. படுக்கையில் கிடப்பவர்களுக்குத் துணி தைப்பாள். கையைத் தூக்க முடியாதவருக்குத் தோளில் பிரியும் சட்டை. வயிற்றில் குழாய் செருகியிருப்பவருக்குப் பக்கவாட்டில் திறக்கும் கவுன். புரட்டிப் போடும்போது உறுத்தக் கூடாதென்று தையல் முழுக்க வெளிப்பக்கம் வைத்த பைஜாமா. மாமியாருக்காகத் தைக்க ஆரம்பித்தது. மாமியார் போன பிறகு கீழ்வீட்டு நர்ஸ் தன் ஆஸ்பத்திரியில் நாலு பேருக்குச் சொன்னாள், நாலு நாற்பதானது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் கடை போட்டாள். பெயரைப் பதிந்து கொடுத்தது புருஷன். பதிந்தது தன் பேரில். "என்கிட்ட இருந்தா பத்திரம்" என்றார். மூக்கணாங்கயிறு மாதிரி அன்றிலிருந்து அதைக் கையில் சுற்றி வைத்துக்கொண்டார்.

போன சண்டையில் கயிற்றைச் சுண்டியும் காட்டினார். ஒரே ஒரு நாள் கடையை அணைத்து வைத்தார். அந்த ஒரு நாளில்தான் யாரோ ஒரு மகள் தன் அப்பாவுக்கு அவசரமாகச் சட்டை கேட்டு எழுதப் பார்த்திருக்கிறாள். கடை திறக்கவில்லை. மறுநாள் திறந்ததும் எழுதினாள், இவளும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் தைத்து அனுப்பினாள். சட்டை போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை. "ஆஸ்பத்திரிப் போர்வையோடயே அனுப்பிட்டோம்க்கா" என்று அந்தப் பெண் ஃபோனில் சொன்னாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. மனைவி அன்று மெஷினில் உட்காரவே இல்லை. அழுதுகொண்டிருந்தாள். அஞ்சுநாளார் அப்போது மௌனத்தின் நான்காம் நாளில் இருந்ததால் ஆறுதல் சொல்ல வசதிப்படவில்லை.

இப்போதைய சண்டை நேற்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. அஞ்சுநாளார் நல்ல மனநிலையில் இருந்தார். அதுதான் ஆபத்து. ஆபீஸ் கதை ஒன்றை எடுத்துவிட்டார்.

"ஒரு அம்மா வந்து என் சீட்டுக்கு முன்னாடி உக்காந்து ஒரே அழுகை. புருஷன் கடையோட பேரு போயிடுச்சாம். பழைய கூட்டாளி வேற கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போயிட்டானாம். லெட்டர் அனுப்பினோமே, ஏன் பதில் போடலைன்னு கேட்டேன். புருஷன் ஐ.சி.யூ.ல இருந்தாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மூணாம் நாள் போயிட்டாராம்."

"அந்தப் பேரு?"

"அது ஆறாம் நாள் போச்சு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பதிலில் இருந்த கச்சிதம் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மனைவி சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கடைப் பேரை எனக்கு மாத்திக் குடுங்க."

"எதுக்கு?"

"கடை என்னுது."

"வீட்டுல இருக்கறதெல்லாம் நம்மளுது. என்கிட்ட இருந்தா பத்திரம்."

"உங்ககிட்ட இருந்துதான் ஒரு நாள் மூடிச்சு."

"எத்தனை நாளைக்கு அதையே சொல்லிக்கிட்டிருப்பே?"

"அந்தப் பெரியவர் திரும்பி வர்ற வரைக்கும்."

அஞ்சுநாளாருக்குச் சுருக்கென்றது. நேர் பதில் இல்லாத இடத்தில் அவர் தொழில்நுட்பம் பேசுவார். லேப்டாப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையிலேயே திறந்தார்.

"இங்க பாரு. ஒரு பேரை எடுத்துட்டுப் போறது என்ன கிள்ளுக்கீரையா? ஒண்ணு, இந்தப் பூட்டு திறந்திருக்கணும். இதோ, திறந்துட்டேன். ரெண்டு, இந்த ரகசியக் குறி தெரியணும். இதோ, நல்லாப் பாத்துக்கோ."

அவள் பார்த்தாள். பார்த்ததோடு நிற்காமல் பக்கத்தில் கிடந்த வெட்டுத் துணியில் தையல் சாக்பீஸால் குறித்தும் கொண்டாள். பதினாறு எழுத்து. அளவு எடுக்கும்போது எழுதுவது மாதிரி நிதானமாக எழுதினாள்.

"எழுதிக்கோ, நல்லா எழுதிக்கோ. மூணாவது ஒண்ணு இருக்கு பாரு, அங்கதான் நீ மாட்டுவே. லெட்டர் எனக்கு வரும். நான் ஒரு வேண்டாம் போட்டா கதை முடிஞ்சுது. பூட்டைத் திறந்தே வச்சுட்டுப் போறேன். முடிஞ்சா எடுத்துப் பாரு."

"வேண்டாம்னு சொல்லலைன்னா?"

"ஏன் சொல்லாம இருக்கப் போறேன்?"

மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள். "உங்க உத்தியோகமே வாயில்லாதவங்ககிட்டேருந்து பிடுங்கி அடுத்தவங்களுக்குக் குடுக்கறதுதானே."

அதுதான் வினை. பதினேழு வருஷ உத்தியோகத்தை ஒரே வரியில் பிக்பாக்கெட் வேலை ஆக்கிவிட்டாள். அஞ்சுநாளார் லேப்டாப்பை மூடினார். கூடவே வாயையும் மூடினார். மறுநாள் காலை கண்ணாடி சாட்சியாக அதை உறுதிப்படுத்தியதை முன்பே பார்த்தோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது கீழ்வீட்டு நர்ஸ் கூடத்தில் உட்கார்ந்து கவுன்களுக்கு நாடா வெட்டிக்கொண்டிருந்தாள். டியூட்டி இல்லாத நாளில் ஒத்தாசைக்கு வருவாள். மனைவி டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னங்க, கடைப் பேரை வேற கம்பெனிக்கு மாத்த எழுதிக் குடுத்துட்டேன். நாலு பத்துக்கு உங்களுக்கு லெட்டர் வந்திருக்கும். வேண்டாம்னா சொல்லிடுங்க."

அஞ்சுநாளார் டீயை ஊதிக் குடித்தார்.

"அண்ணனுக்குக் காது கேக்குதாக்கா?" என்றாள் நர்ஸ்.

"நல்லாக் கேக்கும்."

"பேச்சுதான் இல்லியா?"

"நேத்து மத்தியானத்துலேருந்து."

"இது வந்தா எத்தனை நாள் இருக்கும்?"

"நான் தப்பு என்னுதுன்னு சொல்ற வரைக்கும் இருக்கும்."

"சொல்லித் தொலைச்சுட வேண்டியதுதானே?"

"என்ன தப்புன்னு இந்தத் தடவை யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் கிடைக்கல."

நர்ஸ் அவரை வார்டில் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு நாடாவை வெட்டப் போனாள். அஞ்சுநாளார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வாயைப் பிடுங்கப் பார்க்கிறாளாம். போன வருஷமும் இப்படித்தான், "என்னங்க, கேஸ் வாடை வருது" என்று வந்து நின்றாள். அன்றைக்கே அசையாதவர். எழுந்து போனார், சிலிண்டரை மூடினார், ஜன்னலைத் திறந்தார், பேசாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். வீடே வெடிக்கப் பார்த்தபோது திறக்காத வாய், ஒரு லெட்டருக்கா திறக்கும்?

லெட்டர் என்று அவள் சொல்லியும் அவர் போய்ப் பார்க்கவில்லை. அவர் பிரிவு அனுப்பும் கடிதங்களுக்கெல்லாம் அவருக்கு நகல் வரும், நாளுக்கு நானூறு. கம்பெனிக் கடிதம் எது வந்தாலும் தானாகவே ஒரு தனி அறையில் போய் விழும்படி மெயிலில் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அந்த அறையைத் திறந்து பார்த்து வருஷக் கணக்காகிறது. தவிர, சாக்பீஸில் எழுதுகிறவள் இன்னொரு கம்பெனியைத் தேடிப் பிடித்து விண்ணப்பம் போடுவதாவது. சும்மா உதார்.

செவ்வாய்க்கிழமை காலை சாப்பாட்டுப் பையைக் கொடுக்கும்போது கேட்டாள். "ஆட்சேபணை உண்டா?" பையை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள். செருப்பைக் கழற்றினார்.

புதன்கிழமை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். கையில் வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் வந்து நின்றதே புதிதாக இருந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும். ஆஸ்பத்திரிக்கு எதிர்ல மாடியில ரெண்டு ரூம் காலியா இருக்கு. நர்ஸ் பாத்து வச்சிருக்கா. மெஷினை அங்க போடலாம்னு இருக்கேன். நானும் அங்கயே இருந்துக்கலாம்னு இருக்கேன்."

பேப்பர் அசையவில்லை.

"கோவத்துல சொல்லலைங்க. பதினெட்டு வருஷத்துல நீங்க பேசாத நாளை எல்லாம் கூட்டிப் பாத்தேன். ரெண்டு வருஷத்துக்கு மேல வருது. அத்தையாவது பேச முடியாம கிடந்தாங்க. கண்ணாலயாவது சொன்னாங்க." குரல் நடுங்கியது. நிறுத்திச் சரிசெய்துகொண்டாள். "உங்களுக்கு நான் போறது வேண்டாம்னா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எங்கயும் போகல. பேரும் எங்கயும் போக வேண்டாம்."

அஞ்சுநாளாருக்கு வந்தது பயம்தான், வேறொன்றும் இல்லை. அவள் இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார், பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அதே கணத்தில் இன்னொரு கணக்கும் ஓடியது. குரல் உடைந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் தாங்க மாட்டாள். இப்போது போய் வாயைத் திறந்தால் மூன்று நாள் பட்ட பாடெல்லாம் வீண். அவர் கண் முன்னால் இருந்தது சாக்கடை தூர்வாரும் டெண்டர் அறிவிப்பு. அதைக் கடைசி வரி வரை படித்தார். நிமிர்ந்தபோது அவள் இல்லை.

வியாழக்கிழமை ஆபீஸில் மனசு கேட்கவில்லை. அந்தத் தனி அறையைத் திறந்தார். மலை மாதிரி கிடந்தது. மனைவியின் கடைப் பெயரைப் போட்டுத் தேடினார். அரை நொடியில் வந்து நின்றது. திங்கட்கிழமை, நாலு பத்து. கீழே அவருடைய கையெழுத்து, அச்சில். தான் எழுதிய கடிதம் தனக்கே வந்திருப்பதைப் படித்தபோதுதான் அது எவ்வளவு மொட்டையாக இருக்கிறது என்று தெரிந்தது. அடியில் இரண்டு பட்டன்கள். பச்சையில் 'சம்மதம்'. சிவப்பில் 'வேண்டாம்'.

மெதுவாகப் பக்கத்து மேஜைக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஒரு சந்தேகம். சொந்தக்காரர் வேண்டாம்னு அழுத்தினா, கேட்டவங்களுக்குத் தெரியுமா?"

"பதினேழு வருஷமா இந்த சீட்ல உக்காந்துட்டு என்னைக் கேக்கறீங்களே சார். உடனே மெயில் போகும். சொந்தக்காரர் மறுத்துட்டார்னு."

"அப்ப அது பதில் சொன்ன மாதிரி ஆயிடும்."

"பதிலேதான் சார் அது."

"பதில் சொல்லாம நிறுத்த வழி இருக்கா?"

"அதெப்படி இருக்கும்? பேசாம இருந்தா போயிடும்னுதானே சட்டம். யார் கேஸ் இது?"

"ஒரு வாடிக்கையாளர்."

"ஏன், வேண்டாம்னு சொன்னா அவருக்குப் பல்லு கொட்டிடுமா?"

அஞ்சுநாளார் சிவப்பு பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அழுத்தினால் அவளுக்குத் தெரியும். தெரிந்தால் வாயைத் திறந்தது யார் என்றாகும். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் முதலில் இறங்கியதில்லை. கெடு சனிக்கிழமை நாலு பத்து. நடுவில் வெள்ளிக்கிழமை முழுசாக இருக்கிறது. அவள் வழிக்கு வந்துவிடுவாள். வராவிட்டால் கடைசி நிமிஷத்தில் அழுத்திக்கொள்ளலாம். பட்டன் எங்கே ஓடிப் போகிறது?

வெள்ளிக்கிழமை காலை மெஷினைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். அஞ்சுநாளார் நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சார், கொஞ்சம் காலை" என்றார்கள். காலைத் தூக்கிக்கொண்டார். மெஷின் போயிற்று. காலை இறக்கினார்.

துணிக் கட்டுகள் போயின. நூல்கண்டுப் பெட்டி போயிற்று. மனைவி உள் அறையிலிருந்து ஒரு பழைய கவுனை மடித்து எடுத்து வந்தாள். அவருடைய அம்மாவுக்காக முதன்முதலில் தைத்தது, கழுத்துப் பட்டி கோணலாக இருக்கும்.

"அத்தையோடதை நான் எடுத்துக்கட்டுமா? மாதிரிக்கு வச்சுக்கறேன். இல்ல, உங்களுக்கு வேணும்னா இங்கயே இருக்கட்டும்."

எடுத்துக்கொள் என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை. எடுத்துக்கொண்டு நீயும் இங்கேயே இரு என்று சொல்லவும் ஆசை. தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்த வழியே இறங்கிப் போயிற்று.

"சரி" என்று கவுனைப் பையில் வைத்துக்கொண்டாள். "சாப்பாடு மூடி வச்சிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் முடிவில்ல. அதுக்குள்ள சொன்னாலும் போதும்." சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நர்ஸோடு படியிறங்கினாள்.

சனிக்கிழமை மூணே முக்காலுக்கே அஞ்சுநாளார் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். கை மவுஸின் மேல். அம்புக்குறி சிவப்பு பட்டனின் மேல். வீட்டில் அந்த ஒரு ராத்திரியைத் தனியாகக் கழித்துப் பார்த்தாயிற்று, போதும் போதும் என்றாகிவிட்டது. கௌரவம் கிடக்கட்டும். நாலு ஒன்பதுக்கு அழுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு கடைசி வாய்ப்பு, அவ்வளவுதான்.

நாலு மணிக்கு ஃபோன் அடித்தது. மனைவி.

அஞ்சுநாளாருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. வந்துவிட்டாள். பதினெட்டு வருஷ அனுபவம் பொய்க்குமா? இடது கையால் ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார். ஹலோகூடச் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு வார்த்தைதானே.

"என்னங்க, ஆபீஸ்லதானே இருக்கீங்க? இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. அதான் கூப்பிட்டேன்."

அவர் மூச்சு விட்டார்.

"மூச்சு கேக்குது. சரி. நான் ஃபோனை வைக்கல. லைன்லயே இருக்கேன். உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க."

அவள் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். பின்னால் பஸ் சத்தம் கேட்டது, யாரோ மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. நாலு மூன்று. நாலு ஐந்து. அவள் வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். அவர் தப்பு என்னுது என்ற இரண்டு சொல்லுக்காகக் காத்திருந்தார். நாலு எட்டுக்கு அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. விரல் மட்டும் மவுஸின் மேல் தயாராக இருந்தது.

நாலு ஒன்பது. இதோ அழுத்திவிட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் அவள் நீளமாக மூச்சை இழுப்பது கேட்டது. ஆஹா, வருகிறது என்று விரலை நிறுத்திக்கொண்டார். இத்தனை பாடுபட்டு, வாசல் வரை வந்ததைக் கெடுத்துக்கொள்வானேன்? மூச்சு மேலே போயிற்று, நின்றது, இன்னும் மேலே போயிற்று.

தும்மினாள்.

புது இடத்தில் நூல் தூசி போலிருக்கிறது. இரண்டாவதும் தும்மினாள், மூன்றாவதும் தும்மினாள். அஞ்சுநாளார் பதறிப்போய்த் திரையைப் பார்த்தார். இரண்டு பட்டனும் சாம்பல் நிறமாகியிருந்தன. அழுத்தினார். அழுத்தினார். எழுந்து நின்றுகொண்டும் அழுத்திப் பார்த்தார்.

"மணி ஆயிடுச்சுங்க" என்றாள் மனைவி. அழுதிருக்கிறாளா, தும்மலா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். "உடம்பைப் பாத்துக்கோங்க." ஃபோன் நின்றது.

அஞ்சுநாளார் பக்கத்து மேஜைக்கு ஓடினார். வாய் தானாகவே திறந்துகொண்டது. "இதை நிறுத்தணும். இப்பத்தான், ஒரு நிமிஷம்கூட ஆகல. ஏதாவது பண்ணுய்யா."

பக்கத்து மேஜைக்காரர் கேஸைத் திறந்து வழக்கம்போலச் சத்தமாகப் படித்தார். "பூட்டைத் திறந்தது சொந்தக்காரர், போன ஞாயித்துக்கிழமை. ரகசியக் குறியை எடுத்ததும் அவரே. லெட்டர் போயிருக்கு. வியாழக்கிழமை திறந்து படிச்சும் இருக்கார், பதில் போடல. சார், இது செத்த கேஸ் சார். ஆள் யாரு, இவ்வளவு தத்தியா இருக்..." அங்கே பெயரைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் வீடு பெரிதாகியிருந்தது. மெஷின் நின்ற இடத்தில் நாலு கால் தடம். மூடி வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. அஞ்சுநாளார் நாற்காலியில் உட்கார்ந்து தாராளமாக அழுதார். யாரும் பார்க்காத இடத்தில் அழ அவருக்கு ஆட்சேபணை இல்லை.

தப்பைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். ஃபோனைக் கையில் எடுத்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் வார்த்தையை அவர் பேசிப் பழகியதில்லை. அதை எப்படி ஆரம்பிப்பார்கள் என்றே தெரியவில்லை. எழுதிவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்து அவள் கடைக்குப் போனார். ஆறு வருஷம் அந்தக் கடைப் பெயர் அவருடையதாக இருந்தது, உள்ளே நுழைந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. சுத்தமாக, அழகாக இருந்தது. கடைசியில் 'எங்களுக்கு எழுத' என்று ஓர் ஆர்டர் படிவம். குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினார். "தப்பு என்னுதுதான். வேண்டாம். போகாதே. வந்துடு." எழுதி முடித்ததும் மனசு லேசானது. 'அனுப்பு' என்பதை அழுத்தினார்.

போகவில்லை. மேலே இருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் போகுமாம். நோயாளி ஆணா பெண்ணா? ஆண் என்று போட்டார். கையைத் தூக்குவாரா? தூக்குவார். தானாக எழுந்து உட்காருவாரா? உட்காருவார். நோயாளியால் பேச முடியுமா?

முடியும் என்று போட்டார். உடனே கீழே ஒரு வரி முளைத்தது. 'அப்படியானால் தயவுசெய்து அவரே எங்களை ஃபோனில் கூப்பிட்டுப் பேசட்டும்.' படிவம் மேற்கொண்டு நகர மறுத்தது. அஞ்சுநாளார் பக்கத்தில் கிடந்த ஃபோனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு தடவை கையை நீட்டி இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டார். கடைசியில் குறியை அழித்துவிட்டு, முடியாது என்பதில் போட்டார். குப்பென்று போய்விட்டது.

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. பாய்ந்து திறந்தார். கடை எல்லோருக்கும் தானாக அனுப்பும் பதில்.

"உங்கள் ஆர்டர் கிடைத்தது. பேச முடியாத நோயாளிகளுக்கு எங்கே இறுக்குகிறது என்று சொல்லத் தெரியாது என்பதால், அவர்களுக்கு ஓர் அங்குலம் தளர்வாகவே தைத்து அனுப்புகிறோம்."